எவ்ரி வானில் உகந்தை வரை

மானிப்பாய் ஒழுங்கைகளில் ஒரு வாகனத்தின் நல்லது கெட்டது முதல் மதில் மூலையிலேயே தெரிந்துவிடும். இரண்டு பக்கமும் மதில், நடுவே ஒரு மின்கம்பம், எதிரே சைக்கிளில் பள்ளிக்கூடப் பிள்ளை. ஹைஏஸ் வைத்திருப்பவர் அந்த இடத்தில் முன்னும் பின்னுமாக ஆட்டித்தான் எடுக்க வேண்டும். 1,475 மில்லிமீற்றர் அகலமுள்ள சுசுகி எவ்ரி ஒரே வெட்டில் திரும்பிவிடும். வாடகைக்கு ஓடுபவர்கள் 'பட்டி வான்' என்று கூப்பிடும் இந்தச் சின்ன வானைத்தான் நான் தூர ஓட்டத்துக்கும் இரவுப் படுக்கைக்கும் அடுப்படிக்கும் சேர்த்து வைத்திருக்கிறேன். பூநகரி, மன்னார், மடு, ஓமந்தை, திருகோணமலை, உகந்தை என்று இதில் போய்த் தங்கிப் பார்த்தபின் எழுதுகிறேன். இருவர் சட்டிபானையும் கூடாரமுமாக இந்தத் தீவைச் சுற்றிவர இதைவிடப் பொருத்தமான வாகனம் எனக்குத் தெரிந்து இல்லை. ஒரேயொரு நிபந்தனை: இதை ஜீப் ஆக்க முயலக்கூடாது.

நான் பேசுவது 2015 பெப்ரவரியில் ஜப்பானில் வெளிவந்த டிஏ17 வகையைப் பற்றி. ஜப்பானியச் சட்டப்படி 'கெய்' வாகனம் ஒன்று 3.4 மீற்றர் நீளத்தையும் 1.48 மீற்றர் அகலத்தையும் 660 சிசியையும் தாண்டக்கூடாது. அந்தக் கட்டுக்குள் நின்றுகொண்டு, மூன்று சிலிண்டர் இயந்திரத்தை முன் ஆசனங்களுக்கு அடியில் தள்ளி, பின்சில்லுகளுக்கு இழுவையைக் கொடுத்து, மிச்ச இடம் முழுவதையும் தட்டையான தளமாக விட்டிருக்கிறார்கள். பின் ஆசனத்தை மடித்தால் 1.91 மீற்றர் நீளம், ஏறத்தாழ 1.38 மீற்றர் அகலம், 1.24 மீற்றர் உயரம் கிடைக்கும். ஐந்தடி எட்டு அங்குல ஆள் காலை நீட்டிப் படுக்கலாம். எழுந்து சப்பாணி கட்டி உட்கார்ந்தால் தலை கூரையில் முட்டாது. கூடாரத்துக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் அங்கேதான். வாடைமழை விடாமல் அடிக்கும் இரவில் உள்ளே உட்கார்ந்தபடியே உடுப்பு மாற்றலாம், போத்தலில் இருந்து தேத்தண்ணி ஊற்றிக் குடிக்கலாம்.

தளத்தின் மேல் ஒட்டுப்பலகை ஒன்று, அதன்மேல் மூன்று அங்குலப் பஞ்சு மெத்தை, எல்லாவற்றுக்கும் மேலே பனையோலைப் பாய். எங்கள் வெக்கைக்குப் பாய் இல்லாமல் மெத்தையில் படுக்க முடியாது. பின்கதவை மேலே தூக்கிவிட்டு, அந்த வாசலுக்கு அளவாகத் தைத்த நுளம்பு வலையைச் சிறு காந்தங்களால் தகட்டில் ஒட்டுவோம். வலையின் அடிப்பக்கம் காற்றுக்குக் கிளம்பாமல் இருக்க, பழைய சாரத் துணியைக் குழாயாகத் தைத்து மணல் நிரப்பி அதன்மேல் கிடத்துவோம். வெளிநாட்டுக் கடைகளில் விற்கும் வலைக்கூடு எதுவும் தேவைப்படவில்லை. மானிப்பாய்ச் சந்தியில் தையல்காரர் ஒருவரிடம் அளவைக் கொடுத்தால் அன்றைக்கே தைத்துத் தருவார்.

இனி வெக்கையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. இயந்திரம் ஆசனத்துக்கு அடியில் இருக்கும் எந்த வானிலும் நாள் முழுக்க ஓடிய சூடு உடனே இறங்காது. பின்னேரம் ஐந்து மணிக்கு நிறுத்திவிட்டு ஏழு மணிக்குப் படுத்தால், தலைமாடு முன்பக்கம் இருந்தால், அடுப்புக்குப் பக்கத்தில் படுத்தது போல இருக்கும். இதற்கு மூன்று காரியம் செய்கிறோம். நிறுத்தியவுடன் இரு முன் ஆசனங்களையும் தூக்கி இயந்திர மூடியைத் திறந்துவிடுவது. வானின் பின்பக்கம் காற்றைப் பார்க்கும்படி நிறுத்துவது. தலைமாட்டைப் பின்கதவுப் பக்கம் வைப்பது. சித்திரை வைகாசியில் இதுவும் போதாது. அந்த மாதங்களில் வானைப் பொதிகளுக்கு விட்டுவிட்டு வெளியே கூடாரத்தில் படுப்பதே புத்தி.

ஆபிரிக்கத் தெற்கில் தரைவழியாகச் சுற்றுபவர்களின் படங்களைப் பார்த்துவிட்டு இங்கே பலர் வாகனத்தை மாற்றியமைக்க வெளிக்கிடுகிறார்கள். ஜொகானஸ்பேர்க்கில் இருந்து புறப்படும் ஒரு ஹைலக்ஸின் கூரையில் விரிகூடாரம், பின்னால் குளிர்பெட்டி, இரண்டு மாற்றுச் சில்லு, மேலதிக டீசல் கலன், நூறு லீற்றர் தண்ணீர் எல்லாம் இருக்கும். அங்கே அவற்றுக்குக் காரணம் உண்டு. இரண்டு எரிபொருள் நிலையங்களுக்கு இடையில் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் வெறும் மண்பாதை. நிலத்தில் படுத்தால் கழுதைப்புலியும் சிங்கமும் வரும் காடு. லிம்போபோ ஆற்றில் பெய்ட்பிரிட்ஜ் எல்லையைத் தாண்டிச் சிம்பாப்வேக்குள் போவதென்றால் வாகனத்துக்குத் தற்காலிக இறக்குமதிப் பத்திரம், காப்புறுதி, எச்சரிக்கை முக்கோணம், தீயணைப்பான் எல்லாம் காட்ட வேண்டும். தூர நாடுகளில் பதிவான வாகனமென்றால், மோட்டார் கழகம் பிணைநின்று கொடுக்கும் 'கார்னே' புத்தகமும் கையில் இருக்க வேண்டும். பொட்ஸ்வானாவுக்குள் கால்நடை நோய்த் தடுப்பு வேலிகளில் மறித்துப் பச்சை இறைச்சியைப் பறிப்பார்கள், கிருமிநீர்த் தொட்டிக்குள் ரயரை உருட்டச் சொல்வார்கள். தென்னாபிரிக்கா, பொட்ஸ்வானா, நமீபியா, லெசோத்தோ, எஸ்வாத்தினி ஐந்தும் 1910இல் தொடங்கிய ஒரே சுங்க ஒன்றியத்துக்குள் இருப்பதால் அவற்றுக்கிடையில் கடப்பது மட்டும் கொஞ்சம் லேசு.

எங்கள் தீவின் அளவு வேறு. மானிப்பாயில் இருந்து தெற்குக் கரை வரை போனாலும், வழியில் எங்காவது ஒரு மணி நேரத்துக்குள் பெற்றோல் செற் வரும், பாண் கடை வரும், மீன் வாடியில் ஐஸ் கிடைக்கும். பேசாலையில் ஐஸ் உடைத்து வாங்கி ஒரு பெட்டியில் போட்டால் விளைமீன் அடுத்தநாள் மத்தியானம் வரை கெடாது. இதற்கு லட்சக்கணக்கில் கொடுத்துக் குளிர்பெட்டியும் இரண்டாவது பற்றரியும் சூரியத் தகடும் ஏற்றுவது வீண் பாரம். இந்த வானில் இருவர் மட்டும் அமர்ந்தால் 350 கிலோ ஏற்றலாம் என்கிறது தயாரிப்பாளரின் கணக்கு. பின் ஆசனத்திலும் ஆள் இருந்தால் அது குறையும். 40 லீற்றர் தண்ணீர் 40 கிலோ. பலகை, மெத்தை, கூடாரம், அடுப்பு, 2.3 கிலோ லிற்றோ காஸ் சிலிண்டர், சட்டிபானை, உடுப்புப் பெட்டிகள் எல்லாம் சேர்ந்தும் எங்கள் பாரம் 150 கிலோவைத் தாண்டுவதில்லை. 49 குதிரைவலு இயந்திரம் அந்தப் பாரத்தோடு ஏ9 வீதியில் மணிக்கு 70இல் சத்தமில்லாமல் போகும். கூரையில் விரிகூடாரம் பூட்டிய அதே வகை வான் ஒன்றை நண்பர் ஒருவருக்காக ஓட்டிப் பார்த்தேன். வளைவுகளில் சரிவு கூடியது, எரிபொருள் கூடியது, மானிப்பாய் ஒழுங்கை மாமரங்களுக்குள் போகமுடியாமல் போனது. மூன்றாவது குறை எனக்கு முதல் குறையாகவே பட்டது.

சங்குப்பிட்டிப் பாலத்தில் இந்த வானின் இன்னொரு குணம் தெரியும். நாவற்குழியில் திரும்பி, கேரதீவைத் தாண்டி, ஏ32 வீதி கடனீரேரிக்கு மேலால் பூநகரிக்கு ஏறுகிறது. 288 மீற்றர் நீளப் பாலம், 2011 சனவரியில் திறந்தது. அதற்கு முன் கேரதீவு இறங்குதுறையில் மிதவைக்குக் காத்திருந்தவர்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். 2021 மே மாதம் சம்பேசி ஆற்றில் கசுங்குலாப் பாலம் திறந்து, பொட்ஸ்வானாவுக்கும் சாம்பியாவுக்கும் இடையில் பாரவூர்திகள் நாட்கணக்காக மிதவைக்குக் காத்துக்கிடந்த காலம் முடிந்ததைப் படித்தபோது எனக்கு நினைவு வந்தது கேரதீவுதான். சோழகம் வீசும் மாதங்களில் இந்தப் பாலத்திலும் ஆனையிறவுத் தாம்போதியிலும் எவ்ரியை இரண்டு கையாலும் பிடித்து ஓட்ட வேண்டும். உயரம் ஏறத்தாழ 1.9 மீற்றர், அகலம் அதைவிடக் குறைவு, 12 அங்குலச் சில்லு. பக்கக் காற்று பாய்மரத்தைத் தள்ளுவது போல வானைத் தள்ளும். எதிரே பஸ் கடந்துபோகும் நொடியில் காற்று நின்று மறுபடி அடிக்கும்போது வான் ஒரு முழம் விலகும். 50க்கு மேல் ஓடாவிட்டால் பயமில்லை. பூநகரி தாண்டினால் பொழுதுபட்டபின் வீதியில் மாடுகள் படுத்திருக்கும். அந்தப் பாதையில் இரவு ஓட்டம் வேண்டாம்.

மன்னாரில் பள்ளிமுனைப் பெருக்கமரத்துக்குப் பக்கத்தில் வானை நிறுத்திப் பார்த்தால் வான்தான் விளையாட்டுச் சாமான். ஆபிரிக்காவின் மரம் அது. அரபு வணிகர்கள் கொண்டுவந்து நட்டதாகச் சொல்வார்கள். அடிமரத்தின் சுற்றளவு 19 மீற்றருக்கு மேல். லிம்போபோக் கரையில் கூடாரம் அடிப்பவர்கள் நிழலுக்குத் தேடும் அதே இனம் எங்கள் மன்னாரிலும் நெடுந்தீவிலும் நிற்கிறது.

மன்னாரின் கடற்கரை மணலில்தான் கியரின் பலவீனம் வரும். டிஏ17 வானில் பலவற்றுக்கு 'ஏஜிஎஸ்' என்ற முறை. சாதாரணக் கையியக்கக் கியர்தான், கிளச்சைக் கால் மிதிப்பதற்குப் பதிலாக ஒரு கருவி மிதிக்கும். ஒவ்வொரு மாற்றத்திலும் சின்னத் தயக்கம் இருக்கும். ஏறும்போது அக்சிலரேற்றரைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் தலை ஆடாது. தார் வீதியில் இரண்டு நாளில் பழகிவிடும். மணலில் கதை வேறு. மெல்ல மெல்ல ஊர்ந்து வெளியேற நினைத்தால் கிளச் பாதி பிடித்தபடியே அரைபடும், தீய்ந்த மணம் வரும். மணல் ஓட்டம் உத்தேசித்தவர்கள் ஐந்து கியர் கையியக்க வகையையே தேடி வாங்க வேண்டும். எதுவானாலும் 145 மில்லிமீற்றர் அகல ரயர் மணலுக்குச் செய்ததல்ல. காற்றைக் குறைத்தால் கொஞ்சம் பரவும், பிறகு அடிக்க ஒரு பம்ப் வேண்டும். நான் கடற்கரைக்கு இறங்குவதில்லை. சவுக்குத் தோப்புக்கு வெளியே கெட்டித் தரையில் நிறுத்திவிட்டு நடந்து போகிறேன்.

மடு எனக்குப் பிடித்த தங்குமிடம். வடக்கில் கூடாரம் அடித்துத் தங்குவது புதிதாக வந்த பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் ஆகஸ்ட் 15 திருவிழாவுக்கு முன் அங்கே போய்ப் பார்க்க வேண்டும். சைவரும் வேதக்காரரும் சிங்களவரும் தமிழருமாகக் குடும்பம் குடும்பமாக மரங்களுக்குக் கீழே தறப்பாள் கட்டி, கல்லடுப்பு மூட்டி, பிள்ளைக்கு ஏணை கட்டிக் கிடப்பார்கள். 2008 ஏப்ரலில் சண்டை நெருங்கியபோது மடுமாதாவின் சுரூபத்தையே குருமார் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோக வேண்டி வந்தது. சுரூபம் திரும்பி வந்த இடத்தில் இன்று குடும்பங்கள் பயமில்லாமல் படுத்து எழும்புகின்றன. அங்கே பக்கத்துத் தறப்பாளில் இருந்த அம்மா ஒருவர் எங்கள் வலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "உங்கட வானுக்கே நுளம்பு வலை போட்டிருக்கிறியளே தம்பி, நல்ல வேலை" என்றார். குரங்குகள் மட்டும் கவனம். பக்கக் கதவைத் திறந்தபடி விட்டால் பாண் போய்விடும்.

மடுவில் இருந்து ஏ9க்கு ஏறி வவுனியாவைப் பிடிக்கும்போது ஓமந்தை வெகு கிட்ட. இப்போது அங்கே வேகத்தைக் குறைக்கக்கூடக் காரணமில்லை. 2002 ஏப்ரலில் ஏ9 திறந்தபின் 2006 ஆகஸ்டில் மூடும்வரை தெற்கே ஓமந்தையும் வடக்கே முகமாலையும் எங்களுக்கு எல்லைகள். இராணுவத்தின் சோதனை, நடுவில் செஞ்சிலுவைச் சங்கம் நிற்கும் சூனியப் பிரதேசம், அதற்கப்பால் புலிகளின் சோதனையும் பாஸும் வரியும். பொதியை இறக்கி, திறந்து, காட்டி, கட்டி, மறுபடி ஏற்ற வேண்டும். போர் முடிந்த பின்னும் ஓமந்தையில் பதிவு நடந்தது, 2015இல்தான் அந்தச் சாவடி போனது. அந்த வரிசைகளில் நின்ற தலைமுறை வாகனத்தில் பொதி அடுக்கும் விதமே வேறு. கடுதாசிகள் எல்லாவற்றுக்கும் மேலே, உணவுப் பெட்டி தனியே, இறக்க வேண்டியது கடைசியில் ஏறும். என் வானிலும் அப்படித்தான். சாரதி அனுமதிப்பத்திரம், வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, புகைச் சான்றிதழ் நான்கும் ஓட்டுநருக்கு முன்னுள்ள தட்டில். பெட்டிகள் ஒரு ஆள் தூக்கக்கூடிய பாரத்துக்கு மேல் இல்லை. ஆசனத்தைக் கழற்றி எறிந்துவிட்டு நிரந்தரக் கட்டில் அடிக்கும் யோசனையையும் இதனால்தான் விட்டேன். பதிவுப் புத்தகத்தில் உள்ளதுக்கு வாகனம் மாறிப்போனால் வீதியில் மறிக்கும்போதும் காப்புறுதி கேட்கும்போதும் விளக்கம் சொல்ல வேண்டிவரும்.

அந்த எல்லைகள் நிலத்துக்குள் விட்டுப்போனது இன்னும் முடியவில்லை. முகமாலையில் ஹலோ ட்ரஸ்ட் போன்ற நிறுவனங்கள் ஆண்டுக்கணக்காகக் கண்ணிவெடி தோண்டி எடுக்கின்றன. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் மட்டும் விலகுவது போதாது. வடக்கில் ஆள் புழக்கமில்லாத பற்றைக்குள் வானை இறக்கவே கூடாது. விதைத்த வயல், மாடு மேயும் தரை, கோயில் வீதி, பள்ளிக்கூட மைதானம் என்று மனிதர் கால் பட்ட இடத்தில், கேட்டுத்தான் தங்க வேண்டும். சின்ன வான் இங்கேதான் உதவுகிறது. பெரிய ஜீப் ஊருக்குள் வந்தால் யார், எவர் என்று சனம் ஒதுங்கி நிற்கும். எவ்ரி வந்தால் மரக்கறி கொண்டுவந்த ஆள் என்று கிட்ட வந்து கதைக்கும். கிராம சேவகரைக் காட்டிவிடுவார்கள், கிணற்றைக் காட்டிவிடுவார்கள்.

உகந்தைக்குப் போனது கதிர்காம யாத்திரைக்காரருக்குச் சாமான் கொடுக்க. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியில் வேலோடு புறப்பட்டு, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு என்று கிழக்குக் கரை முழுவதும் நடந்து, கோயில்களிலும் ஆற்றங்கரையிலும் படுத்தெழும்பிப் போகிறவர்கள் அவர்கள். தரைவழிப் பயணமும் காட்டில் தங்குவதும் என்னவென்று இந்தத் தீவில் யாருக்காவது முழுதாகத் தெரியுமென்றால் இவர்களுக்குத்தான். உகந்தை முருகன் கோயிலோடு ஊர் முடிகிறது. ஆடிவேல் விழாவுக்கு முன் குறித்த நாட்களில் மட்டும் காட்டுப்பாதை திறப்பார்கள், குமுக்கன் ஆற்றைக் கடந்து குமண, யால காடுகளுக்குள்ளால் கால்நடையாகப் போகலாம். வானுக்கு அதற்கப்பால் வேலை இல்லை.

37 லீற்றர் தாங்கி. பாரத்தோடும் ஏசியோடும் லீற்றருக்கு 13 முதல் 15 கிலோமீற்றர் கிடைத்தது. வவுனியா, திருகோணமலை வழியே போனால் உகந்தைக்கு ஒரு தாங்கி போதாது. மட்டக்களப்பிலோ அக்கரைப்பற்றிலோ நிரப்பிவிட வேண்டும், பொத்துவில் தாண்டினால் நம்பிக்கை வைக்க வேண்டாம். 2022இல் கியூஆர் அட்டையில் வானுக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று ஆரம்பித்த காலத்தில் இந்தச் சின்ன இயந்திரம் வைத்திருந்தவர்கள்தான் ஊரில் ஓடித்திரிந்தார்கள். மண்ணெண்ணெயில் ஒஸ்ரினும் மொறிசும் ஓட்டிப் போர்க்காலத்தைத் தள்ளிய யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் கணக்கு புதிதல்ல. ஆனால் இன்றைய இயந்திரத்தில் அந்த வித்தை நடக்காது என்பதையும் ஞாபகம் வைத்திருக்க வேண்டும்.

பாணமை தாண்டிய பாதையில் ஓரிடத்தில் வானைத் திருப்பி நிறுத்தியபோது விறகு கட்டிக்கொண்டு வந்த பெரியவர் நின்றார். "தம்பி, இதில விட வேணாம். ராவைக்கு ஆனை வாற வழி இது." கோயிலடிக்குப் போய் மற்ற வாகனங்களோடு நிறுத்தினோம். மெல்லிய தகடு, முன்னால் காலுக்கும் வெளிக்கும் இடையில் ஒரு சாண். யானைக்கும் சரி, எதிரே வரும் ரிப்பருக்கும் சரி, இந்த வான் தடுப்பு அல்ல. பின்கதவோரம் வாழைப்பழமும் அரிசியும் வைத்துக்கொண்டு காட்டோரத்தில் படுக்கவே கூடாது. தேசியப் பூங்காக்களுக்குள் கூடாரம் அடிக்க வனசீவராசிகள் திணைக்களத்தில் முன்பதிவு செய்து, நான்கு சில்லும் இழுக்கும் ஜீப்பில் போக வேண்டும். எவ்ரி வாசலில் நிற்கட்டும்.

இந்தியாவுக்கு வானோடு போகலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மானிப்பாய்க்குக் கிட்ட உள்ள கடல்வழி நாட்டெல்லை காங்கேசன்துறைத் துறைமுகம். 2023 ஒக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை'யோடு மறுபடி தொடங்கிய நாகபட்டினச் சேவை பயணிகளுக்கானது. வானைக் கரையில் விட்டுவிட்டுப் பையோடுதான் ஏறலாம். வாகனம் ஏற்றும் கப்பல் ஒன்று அந்தப் பாதையில் ஓடும் நாள் வரவேண்டும் என்பது என் ஆசை. திருச்செந்தூருக்கும் வேளாங்கண்ணிக்கும் இதே வானில் போய் இதே பாயில் படுக்க வேண்டும்.

வாங்குவதானால்: 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திறந்தபின் சந்தையில் புதிதாக இறங்கியவையும் பழையவையும் கலந்து நிற்கின்றன. யாழ்ப்பாணத்தில் ஓடிய வானென்றால் உப்புக்காற்றைத்தான் முதலில் தேட வேண்டும். முன் ஆசனங்களைத் தூக்கி ரேடியேற்றர் குழாய்கள் போகும் வழியில் துருவைப் பாருங்கள். பக்கக் கதவுத் தண்டவாளத்தின் கடைசி மூலையில் விரலை விட்டுத் தடவுங்கள். பின்சில்லு வளைவுக்குள் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் ஒரு சுரண்டியால் மெல்லத் தட்டிப் பாருங்கள். பின் ஆசனத்தை மடித்து, செருப்பைக் கழற்றிவிட்டு, விற்பவர் முன்னாலேயே ஒருமுறை நீட்டி நிமிர்ந்து படுத்துப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.